ஹேண்டில்பார் டேப்: எதைச் சுற்றுவது, எப்படி முடிப்பது?

சாலைப் பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் சுற்றும் நாடாவைக் கடைகளில் பார் டேப் என்பார்கள். ஏறத்தாழ 3 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம், பெட்டிக்கு இரண்டு சுருள். சைக்கிளின் மற்ற பாகங்களோடு வைத்துப் பார்த்தால் விலையிலும் எடையிலும் மிகச் சிறியது. ஆனால் ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடும் இடங்கள் மூன்றுதான்: சீட், பெடல், ஹேண்டில்பார். இந்த மூன்றில் கைக்கு உரிய இடம் முழுக்க இந்த நாடாவின் பொறுப்பு. எந்தப் பொருளில் ஆன நாடா நல்லது, அதை எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திருப்பிச் சுற்றுவது, கடைசி வாலை எதைக்கொண்டு கட்டி முடிப்பது என்ற கேள்விகளுக்கு நூறாண்டுக்கு மேலாக விடைகள் வந்தபடி இருக்கின்றன. பருத்தி, தோல், பிளாஸ்டிக், தக்கை, செயற்கைப் பாலிமர் என்று பொருள் மாற மாற, விடைகளும் மாறின.

இந்த விடைகளைப் பொதுவாக இரண்டு தனிக் கேள்விகளுக்கான பதில்களாகவே பார்க்கிறோம்: எதை வாங்குவது என்பது ஒன்று, எப்படிச் சுற்றி முடிப்பது என்பது மற்றொன்று. வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் இரண்டும் பிரிக்க முடியாதவை என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்கு ஏற்ற ஒரு முடிப்பைக் கேட்டிருக்கிறது. மேலும், அதிகம் பேசப்படாத ஓர் அளவுகோலும் இதில் இருக்கிறது. சுற்றிய நாடாவை எவ்வளவு எளிதாக அவிழ்க்க முடிகிறது என்பதே அது.

துணியின் காலம்

வளைந்த ஹேண்டில்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பந்தயங்களில் வந்துவிட்டது. வேலோட்ரோம் என்ற வட்டப் பந்தயத் தளத்தில் ஓட்டுபவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிடிப்பவர். அவருக்குக் குழாயின் முனையில் செருகிய ரப்பர் கைப்பிடி போதும். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கெய்ரின் பந்தயங்களில் அந்த ரப்பர் கைப்பிடி இன்றும் வழக்கில் இருக்கிறது. சாலைப் பந்தயக்காரரின் நிலை வேறு. ஏற்றத்தில் மேல்தண்டு, சமதளத்தில் பிரேக் லீவரின் தலை, எதிர்காற்றில் கீழ்வளைவு என்று கை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே குழாயை முழுவதுமாக மூட வேண்டியிருந்தது. வளைவு நெளிவான குழாயில் உறை ஏறாது, நாடாதான் ஏறும்.

நீண்ட காலம் அந்த நாடா பருத்தியாகவே இருந்தது. பிரான்சின் வெலோக்ஸ் நிறுவனத்து ‘ட்ரெஸ்ஸோஸ்டார்’ இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. சுமார் 2 செ.மீ. அகலம், மெல்லிய நெசவு, பின்புறம் பசை. வியர்வையில் நனைந்தாலும் துணி வழுக்காது; பசை இருப்பதால் சுற்று நகராது; விலையும் குறைவு. ஆனால் மெத்தை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அழுக்கு சீக்கிரம் ஏறும், ஓரம் பிசிறு விடும். துணி அதிகம் இழுபடாதது என்பதால், வளைவில் சுற்றும்போது உள்பக்கம் மடிப்பு திரண்டு வெளிப்பக்கம் வாய் பிளக்கும். இதைச் சரிக்கட்டச் சுற்றுகளை நெருக்கமாகப் போடுவார்கள். நாடா ஒல்லியாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அகலம் குறையக் குறைய வளைவில் படிவது எளிதாகும்.

தோலும் இதே காலத்தின் பொருள்தான். 1866இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் சீட்டுகளுக்குப் பெயர்பெற்றது. அதன் தோல் நாடா இன்றும் கிடைக்கிறது. பழகப் பழகக் கைக்கு இணங்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விலை அதிகம், மழை ஆகாது, இழுத்துச் சுற்றக் கைப்பலம் வேண்டும்.

பிளாஸ்டிக்கும் தக்கையும்

1970களில் பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா பரவியது. பெனோட்டோ என்ற பெயரில் வந்ததைப் பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். துடைத்தால் அழுக்கு போய்விடும், நிறம் மங்காது. ஆனால் பசை கிடையாது, மெத்தை கிடையாது, வியர்த்த கையில் வழுக்கும். அழகுக்காகக் கையின் வசதியைக் கைவிட்ட ஒரே கட்டம் இது என்பதே என் மதிப்பீடு. அது நீடிக்காமல் போனதில் வியப்பில்லை.

1980களில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் கொண்டுவந்த தக்கை நாடா, கேள்வியின் போக்கையே மாற்றியது. பெயர்தான் தக்கை, உண்மையில் இ.வி.ஏ. என்ற நுரைப்பொருளில் தக்கைத் துகள்களைக் கலந்து செய்வது. இழுத்தால் நீளும், வளைவில் படியும், அழுத்தினால் அமுங்கும், வியர்வையை ஓரளவு உறிஞ்சும். நாடாவின் நடுப்பகுதி தடித்தும் ஓரங்கள் மெலிந்தும் இருப்பதால் ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறும் இடத்தில் மேடு தட்டாது. மெத்தை என்ற பண்பு நாடாவுக்கு வந்தது இதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம். இதன் பலவீனம் அதன் மென்மையே. அளவு மீறி இழுத்தால் வெடுக்கென்று அறுந்துவிடும். வண்டி சுவரில் உரசினால் துண்டு பெயர்ந்துவிடும்.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை லீவரின் தலையிலிருந்து வெளியே வளைந்து நின்ற பிரேக் கேபிள், 1980களில் நாடாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. 1992இல், பிரேக்கோடு கியரையும் இயக்கும் கம்பன்யோலோ நிறுவனத்தின் எர்கோபவர் லீவர்கள் வந்தபோது கியர் கேபிளும் உடன் சேர்ந்தது. உருண்டைக் குழாய் என்பது போய், குழாயும் அதை ஒட்டி ஓடும் கேபிள்களும் சேர்ந்த ஒரு கோணல் வடிவத்தைச் சுற்ற வேண்டிய நிலை வந்தது. மெல்லிய துணியும் பிளாஸ்டிக்கும் அந்த மேடு பள்ளத்தை மறைக்காது. தக்கை நாடா வெற்றி பெற்றதற்கு அதன் மென்மையை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தக் கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

இன்று முன்னணியில் இருப்பவை பாலியூரிதேன் மேற்பரப்புள்ள செயற்கை நாடாக்கள். அமெரிக்காவின் லிசர்ட் ஸ்கின்ஸ் தன் நாடாவை 1.8, 2.5, 3.2 மி.மீ. என்று தடிமன் வாரியாகவே விற்கிறது. ஈரத்திலும் பிடி குறையாது என்பது இவற்றின் பெருமை. பொருள் பற்றிய வாதம் ஏறத்தாழ ஓய்ந்து, தடிமன் பற்றிய வாதம் தொடங்கிவிட்டது என்பதற்கு இந்த விற்பனை முறையே சான்று.

தடிமன் கை நோவைக் குறைக்குமா?

தடித்த நாடா வேண்டும் என்பவர்கள் இரண்டு ஆதாரங்களைக் காட்டுவார்கள். ஒன்று, பாரி–ரூபே. 1896இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் 50 கி.மீ.க்கு மேல் கருங்கல் பாவிய சாலை வரும். அன்று நாடாவை இரட்டையாகச் சுற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மற்றொன்று, நரம்பு. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் கியோன் குழி என்ற ஒடுக்கமான வழியில் அல்நார் நரம்பு போகிறது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோனின் பெயர் அது. ஹேண்டில்பார் அந்த இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். முற்றினால் விரல்களின் வலு குறையும்.

இது அரிதான தொல்லை அல்ல. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 600 கி.மீ. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் 25 பேரின் கைகளைச் சோதித்தார்கள். 23 பேருக்கு உணர்விலோ தசை வலுவிலோ ஏதாவது ஒரு குறை தென்பட்டது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் பிரெவே எனப்படும் காலக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த எண் நேரடியாகப் பொருந்தும். 600 கி.மீ. பிரெவேக்கு அனுமதிக்கப்படும் நேரம் 40 மணி. அதில் பெரும்பகுதி நேரம் கை இருப்பது அந்தக் குழாயின் மேல்தான்.

ஆனால் மெத்தை போட்டால் இது தீருமா? 2011இல் வந்த ஓர் ஆய்வு, மெத்தை வைத்த கையுறைகள் உள்ளங்கையின் அந்தப் பகுதியில் விழும் அழுத்தத்தை 10 முதல் 29 சதவீதம் வரை குறைப்பதாகக் கண்டது. கூடவே, கீழ்வளைவில் பிடிக்கும்போதுதான் அழுத்தம் மிக அதிகம் என்றும் காட்டியது. தடித்த நாடாவுக்கு ஆதாரமாக இதை எடுத்துக்காட்டுவதில் கவனம் வேண்டும். கையுறையின் மெத்தை கையோடு வரும். எங்கே பிடித்தாலும் நரம்பின்மேல் அதே இடத்தில் இருக்கும். நாடாவின் மெத்தை குழாயோடு நின்றுவிடும். மேலும், பிடியை மாற்றுவதே அழுத்தத்தை மாற்றுகிறது என்பதையும் அதே ஆய்வு உணர்த்துகிறது. நாடாவை மாற்றுமுன் ஹேண்டில்பாரின் உயரத்தையும் லீவரின் கோணத்தையும் பார்க்கச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எதிர்க்கட்சியின் வாதம் கையின் அளவிலிருந்து வருகிறது. கைபிடிக்கும் இடத்தில் சாலை ஹேண்டில்பாரின் விட்டம் 23.8 மி.மீ. அதில் 2.5 மி.மீ. நாடாவைப் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினால் எங்கும் இரண்டு அடுக்கு விழும், விட்டம் 33.8 மி.மீ. ஆகும். சுற்றளவு ஏழரை செ.மீ.யிலிருந்து பத்தரை செ.மீ.க்குத் தாவும். நாடாவின் ஓரங்கள் மெலிந்தவை, அழுத்தினால் அமுங்குபவை என்பதால் உண்மையான அளவு சற்றுக் குறையும் என்றாலும், சிறிய கை உள்ளவர் இதைப் பிடிக்கக் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். அந்த இறுக்கமே முன்கையைச் சோர்வாக்கும். மெத்தை தந்த ஓய்வைப் பருமன் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது கட்சி, அதிர்வை நாடாவில் வந்து தடுப்பதே தாமதம் என்கிறது. ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழின் யான் ஹைனே போன்றவர்கள், அகலமான இளகிய டயரும் குறைந்த காற்றழுத்தமும் சாலையின் முரட்டை முதலிலேயே வாங்கிக்கொள்ளும் என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். பந்தய வண்டிகளே 23 மி.மீ. டயரிலிருந்து 28 மி.மீ.க்கும் அதற்கு மேலும் போய்விட்ட இன்றைய நிலை அவர்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் டயர் அதிர்வைத்தான் குறைக்கும். உடம்பின் எடை கையில் இறங்குவதை அது குறைக்காது. நரம்பை நசுக்குவதில் இரண்டாவதற்கும் பங்கு உண்டு.

ஓடு வேய்வதுபோல

சுற்றும் முறையில் முதல் பிளவு தொடக்க இடத்தில் வருகிறது. ஒரு சாரார், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு அருகே மேல்தண்டில் தொடங்கிக் கீழ்முனைக்கு வருவார்கள். கடைசி வாலைக் குழாய்க்குள் திணித்து மூடியால் அடைத்துவிடலாம். வெளியே ஒட்டு எதுவும் தெரியாது. பசையுள்ள பருத்தி நாடாவுக்கு இது பொருந்தும். மறுசாரார் கீழ்முனையில் தொடங்கி ஸ்டெம்மை நோக்கிப் போவார்கள். இன்றைய தடித்த நாடாக்களுக்குப் பெரும்பாலான மெக்கானிக்குகள் இதையே பரிந்துரைக்கிறார்கள்.

இதன் காரணம் ஓட்டுவீடு கட்டும் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். ஓடு வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கித்தான் அடுக்குவார். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி நிற்கும். வழிந்துவரும் தண்ணீருக்கு எந்த விளிம்பும் தடுக்காது. ஹேண்டில்பாரில் தண்ணீரின் இடத்தில் இருப்பது கை. மேல்தண்டிலிருந்து லீவரை நோக்கியும், லீவருக்கு அடியிலிருந்து வளைவின் கீழேயும் உடம்பின் எடை கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழிருந்து சுற்றினால் கை விளிம்புகளின்மேல் வழுக்கிப் போகும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பையும் கை எதிர்த்து உருட்டும்; சில வாரங்களில் ஓரம் சுருண்டு குழாய் தெரியத் தொடங்கும். துணி நாடா இந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டது பசையின் தயவால். கீழிருந்து சுற்றும் முறையும் எல்லா இடத்திலும் சரி அல்ல. கீழ்வளைவின் நேரான அடிப்பகுதியில் பிடித்து முன்னோக்கி அழுத்தும்போது கை அங்கே விளிம்பை எதிர்கொள்ளவே செய்கிறது. அந்தப் பிடி அரிதானது என்பதால் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

சுற்றும் திசை இதைவிடச் சிக்கலானது. வண்டிக்குப் பின்னால் நின்று வலப்பக்க முனையைப் பார்த்தால் கடிகார முள் போகும் திசையிலும், இடப்பக்கத்தில் அதற்கு எதிராகவும் சுற்ற வேண்டும் என்பது பலர் சொல்லும் விதி. அதாவது நாடா மேற்புறத்தில் உள்ளிருந்து வெளிப்பக்கம் போகும். கீழ்வளைவில் கைகள் வெளிப்பக்கமாகத் திருகுவதால் அந்தத் திருகலே நாடாவை மேலும் இறுக்கும் என்பது இதன் தருக்கம். தருக்கம் சரி, ஆனால் பாதி வழிதான் வரும். குழாய் மேலேறி வளைந்து மேல்தண்டுக்கு வரும்போது, திசை மாறாத அதே சுற்று மேற்புறத்தில் முன்னோக்கிப் போவதாக ஆகிவிடுகிறது. மேல்தண்டைப் பிடிப்பவரோ, குறிப்பாக ஏற்றத்தில், கையைத் தன் பக்கம் இழுப்பார். கீழே இறுக்கிய திசை மேலே தளர்த்துகிறது.

இதற்கு மூன்று விடைகள் இருக்கின்றன. லீவரைக் கடக்கும்போது நாடாவை எட்டு போட்டுத் திருப்பி, மேல்தண்டில் எதிர்த்திசையில் சுற்றுவது முதல் விடை; இரண்டு பகுதிக்கும் நியாயம் செய்வது இதுதான், லீவரின் பின்புறத்தை மூடத் தனித்துண்டும் தேவைப்படாது. ஆனால் அந்த இடத்தில் தடிமன் கூடும், 3 மி.மீ. நாடாவில் எட்டு போட்டால் லீவரின் ரப்பர் உறை அதன்மேல் உட்கார மறுக்கும். மேல்தண்டில் அதிகம் பிடிப்பவர் தொடக்கத்திலேயே உட்பக்கத் திசையை எடுத்துக்கொள்வது இரண்டாவது. சீராக இழுத்துச் சுற்றினால் திசை ஒரு பொருட்டே இல்லை என்பது மூன்றாவது. பின்புறம் முழுக்கப் பசையோ பிடிமானமான ஜெல்லோ உள்ள நாடாக்களில் இந்த மூன்றாவது விடை பெரும்பாலும் செல்லும். வழுக்கும் பின்புறம் கொண்டவற்றில் செல்லாது. திசை விதியும் பொருளைப் பொறுத்தே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எவ்வளவு ஏற்றிச் சுற்றுவது என்பதற்குக் கணக்கே விடை சொல்லிவிடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ எட்டரை செ.மீ. நாடா செலவாகும், 2 மீட்டரில் 23 சுற்று. பாதி ஏற்றினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை செ.மீ. தான் முன்னேறும், மொத்தம் 35 செ.மீ. கூட வராது. ஒரு பக்கத்தில் மூட வேண்டிய தூரமோ சுமார் அரை மீட்டர். மூன்றில் ஒரு பங்கு ஏற்றினால் 46 செ.மீ.; இழுவையில் கூடும் நீளத்தையும் சேர்த்தால் சரியாக வந்து முடியும். பாதிக்குப் பாதி என்ற அறிவுரையை நம்பித் தொடங்குபவருக்கு மேல்தண்டில் நாடா போதாமல் போவது இதனால்தான்.

வாலைக் கட்டுவது

கீழிருந்து சுற்றுபவருக்கு ஸ்டெம்முக்கு அருகே ஒரு வால் மிஞ்சும். அதை எப்படி முடிப்பது என்பதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. முதல் வேலை வெட்டுவது. கடைசிச் சுற்றை அவிழ்த்து, நாடா குழாய்க்கு நேர்க்குறுக்காக முடியும்படி சாய்வாகக் குறித்துக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். குழாயின்மேல் வைத்துப் பிளேடால் அறுப்பது ஆபத்து. கார்பன் குழாயில் விழும் மெல்லிய கீறல் பின்னால் முறிவுக்கு வழி செய்யலாம்.

பெட்டியோடு வரும் பளபளப்பான ஒட்டுத்துண்டைப் பயன்படுத்துவது எளிய வழி. பெயர் பொறித்த அந்தத் துண்டின் பசை பெரும்பாலும் வலுவற்றது; அதை அழகுக்கு மேலே ஒட்டிக்கொள்ளலாம், பிடிமானத்துக்கு நம்ப முடியாது.

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்தான் உலகெங்கும் பொது வழக்கு. மலிவானது, எங்கும் கிடைப்பது, அவிழ்ப்பது எளிது. இதன் குறையாகச் சொல்லப்படும் பிசுபிசுப்பு பெரும்பாலும் ஒட்டும் முறையால் வருவது. இழுத்து ஒட்டிய பி.வி.சி. மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், நுனி பின்வாங்கும், அது விட்டுச்சென்ற பசையில் தூசி படியும். வெயிலில் நிற்கும் வண்டியில் இது விரைவாக நடக்கும். ஆகவே முதல் மூன்று சுற்றை நன்றாக இழுத்துப் போட்டு, கடைசி அரைச் சுற்றை இழுக்காமல் சும்மா படியவைத்து, நுனியைக் குழாயின் அடிப்புறத்தில் முடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் நுனி பின்வாங்கக் காரணம் இருக்காது.

மூன்றாவது வழி நூல்கட்டு. கப்பற்காரர்கள் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கப் போடும் கட்டு இது. சுமார் ஒன்றரை மீட்டர் மெல்லிய சணல் அல்லது பருத்தி நூலை எடுத்து, ஒரு நுனியை மடித்துக் கண்ணியாக்கி, அந்தக் கண்ணியை நாடாவின் விளிம்பின்மேல் படுக்கவைக்க வேண்டும். நீண்ட பகுதியால் கண்ணியின் மேலேயே இடைவெளி இல்லாமல் சுற்றிக்கொண்டு போய், 1 செ.மீ. அகலம் ஆனதும் கையிலுள்ள நுனியைக் கண்ணிக்குள் நுழைக்க வேண்டும். இப்போது தொடக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுநுனியை இழுத்தால் கண்ணி சுருங்கி, மறுநுனியையும் இழுத்துக்கொண்டு சுற்றுகளுக்கு அடியில் போய் மறையும். பாதி தூரத்தில் நிறுத்தி இரண்டு நுனியையும் ஒட்ட வெட்டினால், முடிச்சே இல்லாத கட்டு. பருத்திக்கும் தோலுக்கும் இது மிகப் பொருத்தம். நுரை நாடாவில் நூல் அமுங்கி உள்ளே போய், நாளடைவில் தளர்ந்துவிடும்.

அரக்குக் கட்சி

நூல்கட்டும் பருத்தியும் சேரும் இடத்தில் ஒரு தனிப் பள்ளியே உண்டு. பருத்தி நாடாவைச் சுற்றி, நூலால் கட்டி, அதன்மேல் பல பூச்சு அவலரக்கு பூசுபவர்கள் அவர்கள். 1994இல் கலிபோர்னியாவில் ரிவெண்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன், அமெரிக்காவில் இந்தப் பழைய முறைக்கு மறுவாழ்வு தந்தவர்களுள் முக்கியமானவர்.

இதன் மூலப்பொருள் நம் நாட்டுடையது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் சிறு கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதைச் சுத்தம் செய்து, உருக்கி, அவல்போல் தட்டையான செதில்களாக்கினால் அவலரக்கு. ஜார்க்கண்ட் இதன் முதன்மையான விளைநிலம். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924இலேயே அரக்கு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. வினைல் வருவதற்கு முந்தைய கிராமபோன் இசைத்தட்டுகளில் இருந்ததும் இதுவே. மர வேலைக்காரர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுவதும் இதுவே.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தூரிகையால் நாடாவின்மேல் பூசினால் துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். சற்று நேரத்தில் காயும். நான்கைந்து பூச்சு ஆனதும் தனித்தனிச் சுற்றாக இருந்தவை ஒரே உறையாக இறுகிவிடும். மஞ்சள் நாடா தேன் நிறத்துக்கும், சிவப்பு கருஞ்சிவப்புக்கும் போகும். அழுக்கு உள்ளே இறங்காது, விளிம்பு சுருளாது, நூல்கட்டு அசையாது. பருத்தியின் மூன்று பழைய குறைகளை ஒரே பொருள் தீர்த்துவைக்கிறது என்பதால், வடிவமைப்பாகப் பார்த்தால் இத்தனை விடைகளிலும் மிக அழகானது இதுவே என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மெத்தை அறவே கிடையாது. வழவழப்பான பூச்சில் வியர்த்த கை வழுக்கக்கூடும். நீடித்த ஈரத்தில் அரக்கு வெளுக்கும். கைகழுவும் சானிட்டைசரில் இருக்கும் ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். அதன் ஈரம் காயாத கையோடு பிடித்தால் ஒட்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்று, அதன் பெருமையாகச் சொல்லப்படும் நீடித்த உழைப்பிலேயே இருக்கிறது.

மூடியிருப்பதன் விலை

வியர்வையில் உப்பு உண்டு. எந்த நாடாவின் இடுக்கிலும் அது மெல்ல இறங்கி அலுமினியக் குழாயைச் சேரும். ஈரம் உலர வழியில்லாமல் அங்கேயே தங்கும். குழாய் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும், குழி விழும். வெளியே நாடா புதுசுபோல இருக்க, உள்ளே குழாய் பலவீனப்படும். கடலோர ஊர்களிலும், வீட்டுக்குள் டிரெய்னரில் ஏற்றி வியர்வை சொட்ட ஓட்டுபவர்களிடமும் இது விரைந்து நடக்கும். ஹேண்டில்பார் ஓடும்போது முறிந்தால் விழுவதைத் தவிர வழியில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் நாடாவின் ஆயுள் ஒரு தெளிவான நன்மை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை கிழிந்துபோகும் மலிவான தக்கை நாடா, ஆண்டுக்கு ஒருமுறை குழாயைப் பார்க்க வைக்கிறது. ஐந்து ஆண்டு நிற்கும் அரக்குப் பூச்சு ஐந்து ஆண்டும் குழாயை மறைக்கிறது. இன்சுலேஷன் டேப் அழகில் நூல்கட்டுக்கு ஈடாகாது. ஆனால் இரண்டு நிமிடத்தில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டலாம். வெப்பமும் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்த தமிழகக் கடற்கரைக்கு, அவிழ்க்க எளிதான முடிப்பே பொருத்தம் என்று கருதுகிறேன். அரக்கை விரும்புபவர்கள் காலக்கெடு வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தால் இந்த மறுப்பு பெருமளவு விலகிவிடும்.

தீராதவையும் தீர்ந்ததும்

நாடாவின் மெத்தைக்கும் நரம்பின் நலத்துக்கும் உள்ள உறவு இன்னும் திறந்த கேள்விதான். கையுறை பற்றிய அளவீடுகளை நாடாவுக்கு நீட்டிப் பேசுவது இப்போதைக்கு ஊகம். ஒரே ஓட்டுநர், ஒரே சாலை, ஒரே டயர் அழுத்தம் என்று வைத்து நாடாவின் தடிமனை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் தடித்த நாடாக்காரர்களின் கோரிக்கை நிற்குமா என்று சொல்ல முடியும். திசை வாதம் பசையுள்ள நாடாக்களால் கூர் மழுங்கியிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. பொருள் விஷயத்தில், இழுபடும் நாடாவைக் கீழிருந்து சுற்றி மேலே கட்டுவது, இழுபடாத துணியைப் பசையாலோ அரக்காலோ நிறுத்துவது என்ற இரண்டு முழு முறைகளும் தம்மளவில் சரியானவை. ஒன்றின் நாடாவுக்கு மற்றதன் முடிப்பைப் போடும்போதுதான் வேலை கெடுகிறது.

எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: குழாயின் முனை. தக்கையோ பிளாஸ்டிக்கோ திருகும் உலோகமோ, அங்கே ஒரு மூடி இருந்தாக வேண்டும். மூடி இல்லாத மெல்லிய குழாயின் வாய், விழுபவரின் தொடையிலோ வயிற்றிலோ வட்டமாக வெட்டி இறங்கும் கருவி. ஹேண்டில்பார் முனை குத்திக் குழந்தைகளுக்கு ஏற்பட்ட வயிற்றுக் காயங்களை மருத்துவ இதழ்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகின்றன. மூடி தொலைந்துபோவது சாதாரணம். சுவரில் சாய்த்த வண்டி சரிந்தாலே தெறித்துவிடும். நல்ல நாடாவைத் தேடி வாங்குவதும் பொறுமையாகச் சுற்றுவதும் உங்கள் விருப்பம். வண்டியை எடுக்குமுன் இரண்டு முனையையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூடி இல்லையென்றால், புதிதாக ஒன்று மாட்டும்வரை அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.